போஸ்டர் வேண்டும், பாடம் வேண்டாமா?



இது கொஞ்சம் நீளமான பதிவு. பெற்றோர்கள், பழைய மாணவர்கள், பாடசாலை அபிவிருத்திச் சங்கத்தில் இருக்கிறவர்கள் எல்லோரும் தயவுசெய்து முழுவதையும் வாசியுங்கள். ஏசுவதாக இருந்தால் வாசித்து முடித்துவிட்டு ஏசுங்கள்.

போன கிழமை நடந்த சங்கக் கூட்டத்தில் ஒரு யோசனை வந்தது. புதன்கிழமைகளில் பாடசாலை விட்ட பிறகு தரம் 10 பிள்ளைகளுக்கு நாங்கள் நடத்தி வருகிற கிராபிக் டிசைன் வகுப்பை நிறுத்திவிட்டு, அந்த நேரத்தைக் கணித மேலதிக வகுப்புக்குக் கொடுக்க வேண்டுமாம். சொல்லப்பட்ட காரணம் ஒரே வசனம்தான்: "படம் கீறிப் புள்ளைகள் ஓ.எல். பாஸ் பண்ணப் போறல்ல." இரண்டு பேர் தலையை ஆட்டினார்கள், ஒருவர் சிரித்தார். முடிவு அடுத்த கூட்டத்துக்குப் போடப்பட்டிருக்கிறது.

அதே நாள் இரவு பத்து மணிக்கு, அதே கூட்டத்தில் தலையை ஆட்டிய ஒருவரிடமிருந்து வட்ஸ்அப்பில் செய்தி வருகிறது: "சேர், விளையாட்டுப் போட்டிக்கு ஒரு பெனர் வேணும். உங்கட வகுப்புப் புள்ள ஒண்டுக்கிட்டச் சொல்லி அடிச்சுத் தாங்க. காலையில பிரிண்டுக்குக் குடுக்கணும். சின்ன வேலதானே."

நாங்கள் என்று சொல்வது தமிழ், சித்திரம், தகவல் தொழினுட்பம் படிப்பிக்கிற மூன்று பேரை. அந்தச் செய்தியை மூன்று பேரும் பார்த்தோம். அன்று இரவு ஒரு பிள்ளையை எழுப்பி அந்த பெனரைச் செய்ய வைக்கவில்லை. அதற்காக எங்கள் மீது கோபம் என்று கேள்விப்பட்டோம். கோபப்படுங்கள். ஆனால் இந்தக் கணக்கையும் ஒரு தடவை பாருங்கள்.

இந்த வருடம் எங்கள் வகுப்புப் பிள்ளைகள் இந்த ஊருக்குச் செய்து கொடுத்தவை: நோன்புகால நேர அட்டவணை, டெங்கு சிரமதான நோட்டிஸ், இரத்ததான முகாம் போஸ்டர், பரிசளிப்பு விழா அழைப்பிதழ், இரண்டு கழகங்களின் கிரிக்கெட் சுற்றுப்போட்டி பெனர், எண்ணிக்கை தெரியாத ஜனாஸா அறிவித்தல்கள். இவற்றில் ஒன்றுக்காவது ஒரு பிள்ளையின் கையில் ஐந்து சதம் வைத்தவர் யார்? பெனரின் மூலையில் அவன் பெயரைச் சின்னதாகவாவது போடச் சொன்னவர் யார்? பிரிண்டிங் கடைக்குச் சதுர அடிக் கணக்கில் காசு கொடுக்கிறோம். கட்டுகிற தம்பிக்குக் கூலி கொடுக்கிறோம். கம்பும் கயிறும் காசுக்குத்தான் வருகின்றன. யோசித்து வடிவமைத்த பிள்ளைக்கு மட்டும் "ஜஸாக்கல்லாஹ் ஹைரா" என்று சொல்லி முடித்துவிடுகிறோம். அந்த துஆ பெறுமதியானதுதான். ஆனால் கம்பு விற்கிறவருக்கு அதை மட்டும் சொல்லிவிட்டு வர மாட்டோம்.

ஊருக்கு இந்த வேலை தேவைப்படுகிறது. ஆனால் பிள்ளை அதை முறையாகப் படிப்பதை ஊர் வீண் என்கிறது. எங்கள் சண்டை இதனோடுதான்.

முதலில், நாங்கள் "படம் கீற" படிப்பிக்கவில்லை. எங்கள் வகுப்பில் முதல் நான்கு கிழமையும் கணினியைத் தொடவே விடுவதில்லை. பழைய பத்திரிகை, கத்தரிக்கோல், பசை, அடிமட்டம், பின்பக்கம் வெறுமையான கலண்டர் தாள். அவ்வளவுதான்.

முதல் நாள் பயிற்சி ஒரு ஜனாஸா அறிவித்தல். ஒரு தாளில் எல்லா விபரத்தையும் ஒரே அளவில் எழுதிக் கொடுப்போம். பெயர், வயது, தகப்பன் பெயர், பிள்ளைகளின் பெயர்கள், வீடு, தொழுகை எங்கே, நல்லடக்கம் எத்தனை மணிக்கு. பிறகு ஒரு கேள்வி: "கடைக்குப் போகிற வழியில் மூன்று செக்கன் மட்டும் பார்க்கிற ஒருவருக்கு எது கட்டாயம் தெரிய வேண்டும்?" பிள்ளைகள் சண்டை பிடிப்பார்கள். கடைசியில் யார், எங்கே, எத்தனை மணி என்ற மூன்றுக்கு வந்து நிற்பார்கள். மற்ற எல்லாம் சிறிய எழுத்துக்குப் போகும். அன்றைக்கே பாதிப் பாடம் முடிந்துவிடுகிறது. எது முக்கியம் என்று தீர்மானிப்பதுதான் வடிவமைப்பின் முதல் வேலை. நிறமும் பூவும் அதற்குப் பிறகு.

அடுத்த கிழமைகளில் நான்கு விதிகள். ரொபின் வில்லியம்ஸ் என்ற அமெரிக்கப் பெண்மணி (நடிகர் அல்ல) 1994இல் வெளியான தன் நூலில், வடிவமைப்பாளர் அல்லாதவர்களுக்காக எளிமையாகச் சொன்னவை. முக்கியமானதும் முக்கியமில்லாததும் பார்த்தவுடனே வேறுபட்டுத் தெரிய வேண்டும். ஒரே வகையான விடயம் ஒரே மாதிரித் திரும்பத் திரும்ப வர வேண்டும். எந்த எழுத்தும் இஷ்டத்துக்கு மிதக்காமல் ஏதோ ஒரு கோட்டோடு நேராக நிற்க வேண்டும். சம்பந்தப்பட்டவை பக்கத்தில் இருக்க வேண்டும்; சம்பந்தமில்லாதவை தள்ளி இருக்க வேண்டும்.

இந்த நான்கையும் வைத்துக்கொண்டு நம் ஊர்ச் சந்தியில் போய் நின்று பாருங்கள். ஒரு தடவை இரத்ததான முகாமுக்கு ஒரு பெனர் கட்டப்பட்டிருந்தது. யார் கட்டியது என்பது இங்கே முக்கியமில்லை. பதினொரு பேரின் படம், பதினொரு பேரின் பதவி. இடமும் நேரமும் மட்டும் அடியில் விரல் அகலத்தில், மஞ்சள் மேல் வெள்ளை எழுத்தில். இரத்தம் கொடுக்க வந்த ஒருவர் சந்தியில் மோட்டார் சைக்கிளை நிறுத்தி, பெனரின் கீழே குனிந்து நேரத்தைத் தேடியதை நாங்கள் கண்ணால் கண்டோம். அந்தப் பெனருக்குக் காசு செலவானது. வேலை நடக்கவில்லை. அதற்குப் பிறகுதான் எங்கள் பிள்ளைகளுக்கு ஒரு சட்டம் போட்டோம்: செய்து முடித்த எதையும் வகுப்பின் பின் சுவரில் ஒட்டிவிட்டு, முன் கதவில் நின்று வாசிக்க வேண்டும். வாசிக்க முடியாவிட்டால் திரும்பச் செய்ய வேண்டும்.

இனி தமிழுக்கு வருவோம். அரச பெயர்ப்பலகைகளில் தமிழைக் கொலை செய்கிறார்கள் என்று மாதத்துக்கு ஒரு தடவை பேஸ்புக்கில் படம் போட்டுக் கொதிக்கிறோமே, அந்தப் பலகைகளில் சில வகைப் பிழை ஏன் வருகிறது தெரியுமா? தமிழ் தெரியாதவர் ஒருவர், தமிழுக்குச் சரியாக அமைக்கப்படாத மென்பொருளில் ஒட்டுவதால் வருகிறது. அப்போது கொம்பு எழுத்துக்கு முன்னால் வராமல் பின்னால் போய் நிற்கும். பல இடங்களில் மென்பொருளின் அமைப்பில் ஒரு தெரிவை மாற்றினாலே அது சரியாகிவிடும். அந்த ஒரு தெரிவைத் தெரிந்த ஒரு தமிழ்ப் பிள்ளை அந்தக் கடையில் இல்லை. அதுதான் காரணம்.

நம் ஊர்க் கடைகளில் இன்றும் பாமினி எழுத்துருதான் ராஜா. பாமினியில் "அம்மா" என்று அடித்தால் கணினி தன் வயிற்றுக்குள் வைத்திருப்பது நான்கு ஆங்கில எழுத்தும் ஓர் அரைப்புள்ளியும்தான். அந்த எழுத்துரு இல்லாத இன்னொரு கணினியில் திறந்தால் அம்மா காணாமல் போய்விடுவார். யூனிகோட் எழுத்துருவில் அந்தப் பிரச்சினை இல்லை. நோட்டோ, கட்டமரான், முக்தா மலர், பாலூ தம்பி என்று இலவசமாகவும் சட்டபூர்வமாகவும் கிடைக்கிற தமிழ் எழுத்துருக்கள் எவ்வளவோ இருக்கின்றன. எங்கள் பிள்ளைகளுக்கு இது தெரியும். எது தலைப்புக்கு, எது பத்திக்கு என்றும் தெரியும். ஒரு தாளில் இரண்டு எழுத்துருவுக்கு மேல் போட்டால் எங்களிடம் புள்ளி குறையும் என்றும் தெரியும்.

அச்சுக்குப் போகிற கணக்கும் படிப்பிக்கிறோம். ஒரு ஏ4 தாளைத் தெளிவாக அச்சிட அங்குலத்துக்கு 300 புள்ளி வேண்டும். அப்படியென்றால் 2480க்கு 3508 பிக்சல். வட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் அது சுருங்கிவிடும், ஆவணமாக அனுப்ப வேண்டும். திரையில் ஜொலிக்கிற பச்சை அச்சில் மங்கிப்போகும், ஏனென்றால் அச்சு நீலம், செந்நிறம், மஞ்சள், கறுப்பு என்ற நான்கு மையில் நடக்கிறது. பச்சை இல்லாமல் பெனரே கட்டாத நம் ஊருக்கு இதைவிடத் தேவையான பாடம் எது?

சரி, இப்போது எதிர்ப்புகளுக்கு வருவோம்.

"ஓ.எல். ரிசல்ட் பாதிக்கும்." கிழமைக்கு 80 நிமிடம், பாடசாலை முடிந்த பிறகு. கணித வகுப்பு வேண்டாம் என்று நாங்கள் ஒருபோதும் சொல்லவில்லை. திங்கள் இருக்கிறது, வியாழன் இருக்கிறது. எங்கள் வகுப்பிலும் கணிதம்தான் நடக்கிறது. ஏ4 தாளின் நீளம் 297 மில்லிமீற்றர், அகலம் 210. ஒன்றை மற்றதால் பிரித்தால் 1.414, அதாவது இரண்டின் வர்க்கமூலம். அதனால்தான் அதைக் குறுக்கே பாதியாக மடித்தாலும் வடிவம் மாறுவதில்லை. இதை ஒரு பையன் தாளை மடித்து மடித்துப் பார்த்துக் கண்டுபிடித்தான். தவணைப் பரீட்சையில் கணிதத்துக்கு 28 எடுத்தவன். "சேர், வர்க்கமூலம் இதுக்குத்தானா?" என்று கேட்டான். அதன் பிறகு அவன் கணிதத்தில் ஏ எடுத்தான் என்று கதை விட மாட்டோம். அடுத்த தவணை 37 எடுத்தான். அந்தப் பையனைத்தான் புதன்கிழமை வகுப்பிலிருந்து எடுத்து, ஏற்கெனவே பயந்து ஓடுகிற பாடத்துக்கு இன்னும் 80 நிமிடம் உட்கார வைக்கப் பார்க்கிறீர்கள்.

"உருவம் வரைவது மார்க்கத்தில் கூடாது." இந்தக் கவலையோடு வந்த பெற்றோரை நாங்கள் மதிக்கிறோம். அவர்களுக்குச் சொன்னதையே இங்கும் சொல்கிறோம்: எங்கள் பாடத்தில் உயிருள்ள உருவம் கட்டாயமே இல்லை. எழுத்து, இடைவெளி, கோடு, நிறம், கேத்திரகணித வடிவம். பத்தாம் நூற்றாண்டில் பக்தாதில் வாழ்ந்த இப்னு முக்லா, பேனை முனையால் வைக்கிற ஒரு புள்ளியை அளவாக எடுத்து, அலிஃபின் உயரத்தை அந்தப் புள்ளிகளால் அளந்து, மற்ற எழுத்துகளை அலிஃபோடு விகிதப்படுத்தினார். எழுத்தை அளந்து வடிவமைப்பது நம் முன்னோர் செய்த வேலை. 1882இல் சித்திலெப்பை அவர்கள் "முஸ்லிம் நேசன்" தொடங்கியபோதும் யாரோ ஒருவர் ஈய எழுத்துகளைக் கோர்த்துத் தலைப்பைப் பெரிதாகவும் செய்தியைச் சிறிதாகவும் வைத்திருப்பார்தானே? அவரையும் "படம் கீறுறவர்" என்று ஒதுக்கியிருப்போமா?

"போனுக்கு அடிமையாவார்கள்." பிள்ளையின் கையில் போனைக் கொடுத்தது எங்கள் வகுப்பு அல்ல. ஏற்கெனவே இருக்கிற போனில் அவன் பார்க்கிறவனாக மட்டும் இருக்க வேண்டுமா, செய்கிறவனாகவும் இருக்க வேண்டுமா என்பதுதான் எங்கள் கேள்வி.

இதில் இன்னொரு விடயம் இருக்கிறது. 2018 மார்ச்சில் கண்டி மாவட்டத்தில் நம் மக்களின் வீடுகளும் கடைகளும் எரிந்தபோது, அரசாங்கமே சமூக ஊடகங்களை முடக்க வேண்டி வந்தது. அந்த வன்முறையில் தன் தளத்துக்கு இருந்த பங்குக்காக 2020இல் பேஸ்புக் நிறுவனம் மன்னிப்புக் கேட்டது. பொய்யான ஒரு பதிவும் ஒரு படமும் என்ன செய்யும் என்று நமக்கு யாரும் சொல்லித் தரத் தேவையில்லை. அப்படியிருந்தும் நம் பிள்ளைகளுக்கு ஒரு படம் எப்படிச் செய்யப்படுகிறது என்று காட்டாமலே வைத்திருக்கிறோம். போன மழைக்காலத்தில் "நாளை பாடசாலைகளுக்கு விடுமுறை" என்று ஒரு கடிதம் சுற்றியது நினைவிருக்கிறதா? பெரியவர்கள் பத்துப் பேர் அதை முன்னனுப்பினார்கள். எங்கள் வகுப்புப் பிள்ளை ஒருத்தி அதைப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "டீச்சர், திகதியில இருக்கிற இலக்கம் வேற எழுத்துரு. வரியும் நேரா இல்ல." அது போலி. அவள் கண்டுபிடித்தது அந்த நான்கு விதிகளில் ஒன்றை வைத்துத்தான்.

"இனி எல்லாம் ஏ.ஐ. செய்யும்." செய்யும். ஆனால் அது கீறித் தருகிற படத்துக்குள் இருக்கிற தமிழை வாசித்துப் பார்த்திருக்கிறீர்களா? சில நேரம் தமிழ் மாதிரித் தெரிகிற ஏதோ ஒன்றுதான் இருக்கும். அதைப் பார்த்துப் பிழை சொல்லத் தெரிந்த ஆள் வேண்டும். அழகாக இருக்கிற ஒன்றில் நேரமும் இடமும் காணவில்லை என்று கண்டுபிடிக்கவும் ஆள் வேண்டும். அந்த ஆளைத்தான் நாங்கள் உருவாக்கப் பார்க்கிறோம்.

"படிக்க ஏலாத புள்ளைக்குத்தான் இதெல்லாம்." இதுதான் எங்களுக்கு மிகவும் வலிக்கிற வசனம். 2017இல் ஆரம்பித்த 13 வருட உத்தரவாதக் கல்வியில், உயர்தரத்தின் தொழிற்றுறைப் பிரிவில் கிராபிக் டிசைன் ஒரு பாடமாகவே இருக்கிறது. அதற்குப் பிறகு தேசிய தொழிற் தகைமைப் படிகள் ஏழு வரை இருக்கின்றன. கொழும்பில் கட்புல அரங்கேற்றக் கலைகள் பல்கலைக்கழகம் இருக்கிறது. மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தில் வடிவமைப்புக்கு என்றே பட்டம் இருக்கிறது. சிங்களப் பாடசாலைகளிலிருந்து பிள்ளைகள் போகிறார்கள். நம் ஊரிலிருந்து யாராவது போயிருக்கிறார்களா? அந்தப் பாதை இருப்பதே எத்தனை வாப்பாமாருக்குத் தெரியும்? டொக்டர், எஞ்சினியர், இல்லாவிட்டால் கட்டார். நடுவில் எதுவும் இல்லை என்று நாமே பிள்ளைக்குச் சொல்லி வளர்க்கிறோம்.

பெண் பிள்ளைகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். எங்கள் வகுப்பில் பாதிக்கு மேல் அவர்கள்தான். ஒரு பிள்ளையின் உம்மா வீட்டில் மிளகாய்த்தூளும் மாசித் தூளும் பைக்கற் போட்டு விற்கிறார். வெறும் பொலித்தீன் பையில் விற்றவர். மகள் ஒரு லேபல் செய்தாள்: பெயர், நிறை, உற்பத்தித் திகதி, முடிவுத் திகதி, தொலைபேசி இலக்கம், இரண்டே நிறம். "கடைக்காரர் இப்ப பைக்கற்ற முன்னால வெக்கிறார்" என்று உம்மா சொன்னார். வீட்டை விட்டு வெளியே போகாமல், படிப்பைக் குழப்பாமல் ஒரு பிள்ளை இப்படி ஒரு தொழிலின் முதல் படியில் காலை வைத்திருக்கிறாள். அவளுக்குப் பதில் சொல்லிவிட்டு வகுப்பை நிறுத்துங்கள்.

எங்கள் பிழையையும் மறைக்க மாட்டோம். முதல் தவணையில் நாங்கள் செய்தது வெறும் மென்பொருள் வகுப்பு. இந்தப் பொத்தானை அழுத்தினால் நிழல் வரும், அதை அழுத்தினால் மினுக்கம் வரும். பிள்ளைகள் எல்லா எழுத்துக்கும் நிழல் போட்டார்கள். கல்வியியற் கல்லூரியில் எங்களுக்கும் யாரும் இதைப் படிப்பிக்கவில்லை. நாங்களும் தேடித் தேடித்தான் படித்தோம். கூகுளில் கிடைத்த படத்தையெல்லாம் எடுத்து ஒட்ட விட்டோம். 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் என்று ஒன்று இருப்பதையும், ஒருவர் எடுத்த படத்துக்கு அவர் வாழ்நாளும் அதன் பின் 70 வருடமும் பாதுகாப்பு இருப்பதையும் பிறகுதான் படிப்பித்தோம். இன்னொருவர் உழைப்பைக் கேட்காமல் எடுப்பது கூடாது என்று சொல்ல நமக்குச் சட்டப் புத்தகம் தேவையுமில்லை. இதைவிடப் பெரிய பிழையும் செய்தோம். ஊரார் கேட்டபோதெல்லாம் "சரி, செய்து தருகிறோம்" என்று பிள்ளைகளின் உழைப்பை இலவசமாக அள்ளிக் கொடுத்தவர்களும் நாங்கள்தான். இந்த வேலைக்கு விலை இல்லை என்று நீங்கள் நினைப்பதில் எங்களுக்கும் பங்கு இருக்கிறது. அதை இன்றோடு நிறுத்துகிறோம்.

ஆகவே எங்கள் கோரிக்கைகள்:

1. புதன்கிழமை 80 நிமிடம் அப்படியே இருக்கட்டும். கணிதத்துக்கு வேறு நாள் ஒதுக்குங்கள். மாணவர்களைக் கூட்டி வைக்க நாங்களே நிற்கிறோம்.

2. பாடசாலைக் கணினி அறையில் பழுதாகிக் கிடக்கிற நான்கு கணினிகளைத் திருத்துங்கள். கேற்றுக்கு மேல் புதிய வளைவு கட்டுகிற யோசனை ஒரு வருடம் பொறுக்கலாம். மென்பொருளுக்குக் காசு கேட்கவில்லை. கிம்ப், இன்க்ஸ்கேப் இரண்டும் இலவசம்.

3. பிள்ளையிடம் வேலை வாங்கினால் ஏதாவது கொடுங்கள். பள்ளிவாசல், ஜனாஸா, இரத்ததானம் போன்றவற்றுக்குப் பிள்ளைகள் சும்மாவே செய்வார்கள், அது சதகா. கழகப் பெனருக்கும், கடை விளம்பரத்துக்கும், அரசியல் நன்றி நவிலலுக்கும் சதகா கிடையாது. குறைந்தது மூன்று நாள் முன்னால் சொல்லுங்கள். இரவு பத்து மணிக்கு அல்ல.

4. ஊரில் பிரிண்டிங் கடை வைத்திருக்கிற சகோதரர்களே, மாதத்தில் ஒரு சனிக்கிழமை ஐந்து பிள்ளைகளை உங்கள் கடையில் ஒரு மணித்தியாலம் நிற்க விடுங்கள். இயந்திரம் ஓடுவதைப் பார்க்கட்டும். நாளைக்கு உங்களுக்கு வேலைக்கு ஆள் தேடித் திரிய வேண்டி வராது.

அடுத்த கூட்டம் வெள்ளிக்கிழமை அஸருக்குப் பிறகு பாடசாலை மண்டபத்தில். வகுப்பை நிறுத்த வேண்டும் என்று நினைக்கிறவர்கள் கட்டாயம் வாருங்கள். அரை மணித்தியாலம் முன்னால் வந்தால் பின் சுவரில் பிள்ளைகளின் வேலைகள் ஒட்டப்பட்டிருக்கும். முன் கதவில் நின்று வாசித்துப் பாருங்கள். வாசிக்க முடியாமல் ஒன்று இருந்தால், அந்தப் பிள்ளையிடமே சொல்லுங்கள். திரும்பச் செய்வான். அதற்குத்தான் அவனைப் பழக்கியிருக்கிறோம்.

விளையாட்டுப் போட்டிப் பெனர் கேட்ட சகோதரருக்கு: உங்கள் மீது எங்களுக்குக் கோபம் இல்லை. பெனர் தயாராகிறது. இரண்டு பிள்ளைகள் செய்கிறார்கள், புதன்கிழமை வகுப்பில்.

வஸ்ஸலாம்.